பூட்டிக் கிடந்த வீட்டை வாடகைக்குத் தயார்ப்படுத்துவது எப்படி

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள பட்டர்வொர்த்தில் என் பெற்றோர் வாழ்ந்த, மாடியில்லாத வரிசை வீடு அம்மாவின் மறைவுக்குப் பின் ஆறு ஆண்டுகள் பூட்டியே கிடந்தது. பிள்ளைகள் மூவரும் வெவ்வேறு ஊர்களில் இருந்தோம். தீபாவளிக்கு முன் யாராவது ஒருவர் போய்ப் புல்லை வெட்டி, சாமி மேடையில் விளக்கேற்றிவிட்டு வருவோம். கடைசியில் வீட்டைச் சீர்செய்து வாடகைக்கு விடலாம் என்று முடிவெடுத்தபோது, நான் முதலில் வாங்கியது ஐந்து வாளிச் சாயம். சுவர்கள் பளிச்சென்று ஆயின. மூன்று மாதங்களில் பின்னறைச் சுவரில் சாயம் கொப்புளமாக எழும்பி உரிந்தது. அதற்குப் பிறகு உறவினர்களின் இரண்டு வீடுகளைச் சீர்செய்ய உதவியிருக்கிறேன். மூன்று வீடுகளிலும் நான் கண்டது ஒன்றுதான்: ஆளில்லாத வீட்டைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர், அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தாமல் செய்யும் எந்த வேலையும் ஒரு மழைக்காலத்தைத் தாண்டி நிற்காது.

சுவரைத் தொடுவதற்கு முன் தாள்களைப் பார்த்துவிட வேண்டும். நம் குடும்பங்களில் பல வீடுகள் பூட்டிக் கிடப்பதற்குக் காரணமே, வீடு இன்னும் இறந்துபோன அப்பாவின் பெயரில் இருப்பதுதான். பெயர் மாறாத வீட்டுக்குச் செலவழித்த பிள்ளைக்கும் செலவழிக்காத பிள்ளைக்கும் இடையே பின்னால் மனத்தாங்கல் வருவதை நான் பார்த்திருக்கிறேன். உயில் இல்லாத சிறிய சொத்தாக இருந்தால், 1955ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பகிர்வுச் சட்டத்தின்படி நில அலுவலகத்திலேயே மனு செய்யலாம். அது முடிய நாளாகும் என்றால், யார் எவ்வளவு போடுகிறார்கள், வாடகை எப்படிப் பங்கிடப்படும் என்பதை உடன்பிறந்தவர்கள் அனைவரும் கையெழுத்திட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிப்ரவரி, ஆகஸ்டு மாதங்களில் மாநகர் மன்றத்துக்குக் கட்ட வேண்டிய மதிப்பீட்டு வரியும், மே மாத இறுதிக்குள் கட்ட வேண்டிய நில வரியும் நிலுவையில் உள்ளனவா என்று பாருங்கள். தீக் காப்புறுதியையும் எடுத்துப் படியுங்கள். வீடு நீண்ட நாள் ஆளில்லாமல் கிடந்தால் பாதுகாப்பு நின்றுவிடும் என்ற நிபந்தனை பல ஒப்பந்தங்களில் உண்டு.

முதல் நாள் உள்ளே போகும்போது நீண்ட கைச்சட்டை, முகக்கவசம், கைவிளக்கு ஆகியவற்றோடு போங்கள். எல்லாச் சன்னல்களையும் திறந்துவிட்டு, தேங்கிய நீர் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்: பூச்சட்டித் தட்டுகள், கழிவறைத் தொட்டி, பழைய வாளி, சீலிங்கின் மேலிருக்கும் மூடியில்லாத தண்ணீர்த் தொட்டி, இலை அடைத்த கூரைக் கால்வாய். ஏடிஸ் கொசுவின் முட்டை, நீர் வற்றிய பின்னும் பல மாதங்கள் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே கொட்டிக் கவிழ்த்தால் போதாது, பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்படி, ஆளில்லாத வீட்டில் கொசுப்புழு இருந்தாலும் அதற்கு உரிமையாளரே பொறுப்பாளி. அண்டை வீட்டுக் குழந்தைக்கு டிங்கிக் காய்ச்சல் வந்த பிறகு அபராதத்தைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. இதை இரண்டாவது நாளுக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

உள்ளே சாக்கடை நாற்றம் வீசினால் குழாய் உடைந்துவிட்டதாக உடனே முடிவு செய்ய வேண்டாம். தரை வடிகாலுக்கும் கழிவறைக்கும் கீழே உள்ள வளைவுக் குழாயில் எப்போதும் சிறிது நீர் நின்று, அடியிலிருந்து வரும் வாயுவைத் தடுக்கும். பல மாதம் புழங்காவிட்டால் அந்த நீர் வற்றிவிடும். ஒவ்வொரு வடிகாலிலும் இரண்டு குவளைத் தண்ணீர் ஊற்றி, ஒரு நாள் கழித்து மோந்து பாருங்கள். பல வீடுகளில் அதோடு நாற்றம் போய்விடும்.

இனிக் கூரை. பினாங்கில் சனவரி, பிப்ரவரி மாதங்கள் ஓரளவு காய்ந்திருக்கும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை கொட்டித் தீர்க்கும். ஆகவே கூரையைப் பழுதுபார்க்கச் சிறந்த காலம் ஆண்டின் தொடக்கம். கூரையின் குறையைக் கண்டுபிடிக்கச் சிறந்த காலம் ஆண்டின் இறுதி. கையில் நேரம் இருப்பவர்கள் அக்டோபரில் வீட்டைப் பார்த்துவிட்டு, சனவரியில் வேலையைத் தொடங்குவது நல்லது. நடுப்பகலில் சீலிங்கின் திறப்பு வழியாக மேலே ஏறி, கைவிளக்கை அணைத்துவிட்டு இரண்டு நிமிடம் இருட்டில் நின்றால், ஓடு விலகிய இடமெல்லாம் வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். சீலிங்கில் உள்ள ஒவ்வொரு பழுப்புக் கறையின் ஓரத்தையும் பென்சிலால் வட்டமிட்டு, பக்கத்தில் தேதியை எழுதுங்கள். அடுத்த பெருமழைக்குப் பிறகு வந்து பார்த்தால், பழைய கறை வட்டத்துக்குள்ளேயே நிற்கும். இன்னும் ஒழுகுகின்ற இடத்தின் கறை வட்டத்தைத் தாண்டியிருக்கும். ஒரு பென்சிலால் செய்யும் இந்தச் சோதனை, கூரை முழுவதையும் மாற்ற வேண்டும் என்று சொன்ன ஒருவரிடமிருந்து எங்கள் பணத்தைக் காப்பாற்றியது. கடைசியில் மாற்ற வேண்டியிருந்தவை பதினெட்டு ஓடுகளும், பக்கத்து வீட்டுச் சுவரோடு ஓடு சேரும் இடத்தில் மடித்து வைத்திருந்த தகரமும் மட்டுமே.

வரிசை வீடுகளில் ஒழுக்கு பெரும்பாலும் அந்த இணைப்பில்தான் தொடங்கும். அடுத்தபடியாக, முகட்டு ஓடுகளின் கீழ் உள்ள சிமெண்டு வெடித்திருக்கும். அதற்கும் அடுத்தபடியாக, இரண்டு சரிவுகள் கூடும் பள்ளத்தில் உள்ள தகரம் துருப்பிடித்திருக்கும். நீர் விழும் இடமும் நுழையும் இடமும் ஒன்றாக இருக்காது என்பதையும் மறக்க வேண்டாம். மரச்சட்டத்தின் மீது சரிந்து ஓடி, மூன்றடி தள்ளிச் சொட்டும்.

மேலே இருக்கும்போதே மரச்சட்டங்களைத் திருப்புளியால் ஆங்காங்கே குத்திப் பாருங்கள். மெதுவாக உள்ளே இறங்கினால் உளுத்துவிட்டது என்று பொருள். சுவரோரம் பென்சில் தடிமனில் மண் கோடு ஏறியிருந்தால் அது கரையான் பாதை. அதைப் பார்த்தவுடன் கடையில் விற்கும் பூச்சி மருந்தை அடிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. வெளியே தெரிகிறவை செத்து, மற்றவை வேறு வழியாக ஏறிவிடும். பாதையைக் கலைக்காமல் விட்டு, கரையான் தடுப்புத் தொழில் செய்பவரை அழையுங்கள். அவர் இரை வைக்கும் முறையைப் பயன்படுத்துவதாக இருந்தால், உயிருள்ள கரையான் அந்தப் பாதையில் நடமாடிக்கொண்டிருக்க வேண்டும்.

எழுபது, எண்பதுகளில் கட்டிய வீடுகளின் சீலிங் பலகைகள் அஸ்பெஸ்டஸ் கலந்தவையாக இருக்கக்கூடும். உடையாமல், சாயத்தோடு இருக்கும் வரை அவை தீங்கு செய்வதில்லை. அறுக்கும்போதும், துளையிடும்போதும், தேய்க்கும்போதும் பறக்கின்ற நுண்ணிய இழைதான் நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்து நோயாக வெளிப்படும். ஐயம் இருந்தால் அஸ்பெஸ்டஸ் என்றே கொண்டு, முழுப் பலகையாக இருப்பதன் மேல் சாயம் அடித்து விட்டுவிடுங்கள். அகற்றியே ஆக வேண்டும் என்றால் அதற்குப் பயிற்சி பெற்றவர்களிடம் கொடுங்கள். சுத்தியலோடு வரும் தெரிந்த பையன்களிடம் இந்த வேலையைக் கொடுப்பது, அந்தப் பையன்களுக்கு நாம் செய்யும் தீமை.

கூரை ஒழுக்கை அடைத்த பிறகு சுவர்களுக்கு வரலாம். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, நீர் மீட்டரில் உள்ள சிறு சக்கரத்தைக் கால் மணி நேரம் கவனியுங்கள். அது நகர்ந்தால் சுவருக்குள்ளோ தரைக்கடியிலோ குழாய் கசிகிறது. பழைய இரும்புக் குழாய்கள் உள்ளே துருப்பிடித்துச் சுருங்கி, காலையில் முதல் வாளித் தண்ணீரைச் சிவப்பாகத் தரும். அவற்றைத் துண்டு துண்டாக ஒட்டுப்போடுவதைவிட, புதிய பிளாஸ்டிக் குழாயைச் சுவருக்கு வெளியே ஓட்டிவிடுவதே மலிவு. பின்னால் பழுதுபார்க்கவும் எளிது. குளியலறைத் தரையைப் புதிதாகப் போட்டால், நீர்த்தடுப்புப் பூச்சுக்குப் பின் வடிகாலை அடைத்து 24 மணி நேரம் தண்ணீரைத் தேக்கி, கீழேயும் பக்கச் சுவரிலும் ஈரம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே ஓடு பதிக்க விடுங்கள். ஈரமான சுவரில் உப்புப் பூத்த பழைய பூச்சைச் செங்கல் தெரியும்வரை தட்டி எடுத்து, புதிய சிமெண்டுப் பூச்சை நான்கு வாரமாவது காயவிட்டுச் சாயம் அடிக்க வேண்டும். என் முதல் ஐந்து வாளிச் சாயம் உரிந்ததற்குக் காரணம் இந்த நான்கு வாரங்களை நான் கொடுக்காததும், பின்னறைச் சுவருக்குள் ஒரு குழாய் கசிந்துகொண்டிருந்ததும்தான்.

ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தச் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. தரையிலிருந்து ஏறும் ஈரத்தை மூச்சுவிடுவதுபோல் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, செங்கல்லை உப்பு அரித்துவிடும். சுண்ணாம்புப் பூச்சுத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிக்க வேண்டும். 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தளமாக அறிவித்த பகுதிக்குள் வீடு இருந்தால், எதையும் மாற்றுவதற்கு முன் மாநகர் மன்றத்திடம் கேட்டாக வேண்டும்.

மின்சாரத்தில் சிக்கனம் பார்க்கவே கூடாது. எங்கள் வீட்டைப் பார்க்க வந்த வயர்மேன் பெட்டியைத் திறந்த உடனே, “அண்ணே, பாதி பிளக்குக்கு எர்த்தே இல்ல, கம்பிய எலி வேற கடிச்சிருக்கு, நான் விளக்க மட்டும் எரிய வச்சிட்டுப் போகமாட்டேன்” என்றார். அவர் அப்படிச் சொன்னதற்காக இன்றும் அவரை மதிக்கிறேன். எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்றவரா என்று கேட்டு, சான்றிதழைப் பாருங்கள். அவர் கம்பிகளின் காப்பைக் கருவி வைத்துச் சோதித்து, எண்களை எழுதித் தர வேண்டும். மின்கசிவு ஏற்பட்டவுடன் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாத பழைய பெட்டியை அப்படியே விடக் கூடாது. 1994ஆம் ஆண்டின் மின்சார விதிமுறைகள் வீட்டு இணைப்புக்குப் பொதுவாக 100 மில்லி ஆம்பியர், கையில் பிடித்துப் புழங்கும் சாதனங்களுக்கான பிளக்குகளுக்கு 30, தரை நனையக்கூடிய இடங்களுக்கு 10 என்று, எவ்வளவு மின்சாரம் கசிந்தால் இணைப்பு துண்டிக்கப்பட வேண்டும் என்பதற்கு வரம்பு வகுத்திருக்கின்றன. குளியலறையில் சுடுநீர்க் கருவி வைப்பதென்றால் இந்த 10 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. தனியாக இருந்தே தீர வேண்டும். நனைந்த உடம்போடு நிற்கும் ஒருவரின் உயிர் அதைப் பொறுத்தது. 2017 நவம்பரில் பினாங்கை மூழ்கடித்த வெள்ளத்தில் உங்கள் தெருவுக்குத் தண்ணீர் எந்த உயரம் வரை வந்தது என்று அண்டை வீட்டாரிடம் கேட்டு, கீழ்ப் பிளக்குகளை அதற்கு மேலே ஏற்றிவிடுங்கள்.

வேலைக்காரர்களை அமர்த்துவது பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் போவது அங்கேதான். எங்களுக்கு முதலில் கிடைத்த குத்தகையாளர், அதாவது சீரமைப்பு வேலையை எடுத்துச் செய்பவர், மொத்தத் தொகையில் பாதியை முன்பணமாக வாங்கிக்கொண்டு, பழைய சுவர்ப் பூச்சை உடைத்துப் போட்ட பிறகு ஆறு வாரம் தொலைபேசியை எடுக்கவில்லை. எழுத்தில் எதுவும் இல்லாததால் எங்களால் எதுவும் செய்ய முடியவில்லை. இப்போது நான் ஒவ்வொரு வேலையையும் தனித்தனி வரியாக, அளவு, பொருளின் வகை, தொகை ஆகியவற்றோடு எழுதிக் கேட்கிறேன். மூன்று பேரிடம் ஒரே பட்டியலைக் கொடுத்து விலை வாங்குகிறேன். முன்பணம் பொருள் வாங்கும் அளவுக்கு மட்டும், மீதி ஒவ்வொரு கட்டமும் முடிந்த பிறகு, கடைசிப் பத்து விழுக்காடு ஒரு நல்ல மழை பெய்து ஒழுகாமல் நின்ற பிறகு. நேர்மையான குத்தகையாளர் இதற்கு முகம் சுளிப்பதில்லை. உடைத்த கல், மண்ணைப் பின்சந்தில் கொட்ட விடாதீர்கள். ரோரோ தொட்டிக்கு (இடிபாடுகளைப் போட்டு லாரியில் ஏற்றிச் செல்லும் பெரிய இரும்புத் தொட்டி) யார் பணம் கட்டுவது என்பதும் பட்டியலில் இருக்கட்டும். அடுக்களையைப் பின்பக்கம் நீட்டுவது, சுவரை இடிப்பது போன்றவற்றுக்கு மாநகர் மன்றத்தின் அனுமதி வேண்டும். அப்பா காலத்தில் அனுமதியில்லாமல் நீட்டிய பகுதி இருந்தால், அதன்மேல் மேலும் செலவு செய்வதற்கு முன் மன்றத்தில் விசாரியுங்கள்.

அடுக்குமாடி வீட்டுக்காரர்களுக்குக் கூரைக் கவலை இல்லை. மேல் வீட்டுக் கவலை உண்டு. சீலிங்கில் ஈரம் தெரிந்தால் நிர்வாகக் குழுவிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். விதிமுறைகளின்படி அவர்கள் ஏழு நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும், கசிவுக்கு மேல் வீடே காரணம் என்றுதான் தொடக்கத்தில் கொள்ளப்படும்.

பார்வைக்கான செலவு கடைசியில் வருவது. அது குறைவாகவே இருக்கலாம். பழைய மொசைக் தரையை உடைத்துப் புதிய ஓடு பதிக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை, நன்றாகத் தேய்த்து மெருகேற்றினால் அது இன்னொரு தலைமுறைக்கு வரும். சுவர்களுக்கு வெளிர் நிறம் ஒன்றே போதும். எல்லாப் பூட்டுகளையும் மாற்றுங்கள், பழைய சாவி யார் யாரிடம் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது. நம் வீடுகளில் எல்லாச் சன்னலிலும் கிரில் இருக்கிறது. தீப்பிடித்தால் அதுவே கூண்டாகிவிடும். ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒரு கிரிலாவது உள்ளிருந்து திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அதன் சாவி, கைக்கு எட்டும் ஆணியில் தொங்க வேண்டும். வேலியோர முருங்கையும் மாமரமும் வடிகாலுக்குள் வேர் விட்டிருக்கிறதா என்று பார்த்து, விட்டிருந்தால் மனம் நொந்தாலும் வெட்டிவிடுங்கள். கறிவேப்பிலை இருக்கட்டும்.

சாமி மேடையை என்ன செய்வது என்பது எங்களை மிகவும் யோசிக்க வைத்தது. படங்களையும் அம்மாவின் குத்துவிளக்கையும் அக்காள் வீட்டுக்கு முறையாக எடுத்துச் சென்றோம். மேடையை உடைக்காமல் வெறும் அலமாரியாக விட்டோம். வருபவர் எந்தச் சமயத்தவராக இருந்தாலும் அந்த இடம் அவர் விருப்பத்துக்குரியது.

யாருக்கு விடுவது? இந்தியர் என்ற ஒரே காரணத்துக்காக வீடு கிடைக்காமல் அலைந்தவர்கள் நம் உறவுகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த வலியை அறிந்த நாம் விளம்பரத்தில் இனத்தைக் குறிப்பிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மூன்று மாதச் சம்பளச் சீட்டையும் முந்தைய வீட்டுக்காரரின் தொலைபேசி எண்ணையும் கேளுங்கள், அவை போதும். வெளிநாட்டவரானால் கடப்பிதழும் அனுமதியும் செல்லுபடியாகின்றனவா என்று பார்ப்பது உங்கள் கடமை. பிறை, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகள் தொழிலாளர்களைத் தங்கவைக்க வீடு கேட்டால், தொழிலாளர் தங்குமிடங்கள் பற்றிய 446ஆம் சட்டத்தின்படி தொழிலாளர் இலாகாவின் தங்குமிடச் சான்றிதழ் தேவைப்படும். அது யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

வைப்புத்தொகை வழக்கமாக இரண்டு மாத வாடகை, அதோடு நீர், மின்சாரத்துக்கு அரை மாத வாடகை. ஒப்பந்தத்துக்கு 30 நாளுக்குள் முத்திரை வரி கட்டுங்கள். கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. ஆண்டு வாடகையில் முதல் 2,400 ரிங்கிட்டுக்கு இருந்த விலக்கு 2025 சனவரி முதல் இல்லை. இப்போது ஒவ்வொரு 250 ரிங்கிட்டுக்கும், ஓராண்டு வரையிலான ஒப்பந்தத்துக்கு ஒரு ரிங்கிட், அதற்கு மேல் மூன்றாண்டு வரை மூன்று ரிங்கிட். மாதம் 1,200 ரிங்கிட் வாடகை என்றால் ஆண்டுக்கு 14,400. ஓராண்டு ஒப்பந்தத்துக்கு 58 ரிங்கிட், இரண்டாண்டுக்கு 174 ரிங்கிட். வாடகை தராதவரை நீங்களாகப் பூட்டை மாற்றி வெளியேற்ற முடியாது. 1950ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று அதை நீதிமன்றம் வழியாகத்தான் செய்ய வேண்டும் என்கிறது. ஆகவே ஆளைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் பொறுமை வீண்போகாது.

வருமான வரியில் பலர் தவறு செய்யும் இடம் ஒன்று உண்டு. குடியிருப்பவர் வந்த பிறகு செய்யும் பழுதுபார்ப்பு, மதிப்பீட்டு வரி, நில வரி, தீக் காப்புறுதி, வீட்டுக் கடன் வட்டி ஆகியவற்றை வாடகை வருமானத்திலிருந்து கழிக்கலாம். முதல் முறை வாடகைக்கு விடுவதற்காகச் செய்த சீரமைப்புச் செலவைக் கழிக்க முடியாது. ஆனாலும் அந்தப் பற்றுச்சீட்டுகளை எறிந்துவிடாதீர்கள். பின்னால் வீட்டை விற்று, சொத்து ஆதாய வரி கணக்கிட வேண்டி வந்தால், வீட்டின் மதிப்பை உயர்த்திய செலவுக்கு அவையே சான்று. வெயில்பட்டால் எழுத்து மறையும் கடைச்சீட்டுகளை அன்றே படமெடுத்து வையுங்கள்.

சாவியைக் கொடுக்கும் நாளில் குடிவருபவரோடு ஒவ்வோர் அறையாக நடந்து, சுவர், தரை, குழாய், மீட்டர் எண் எல்லாவற்றையும் படமெடுத்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். நீரை அடைக்கும் முதன்மைக் குழாய் எங்கே, ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தான் எது, கிரில் சாவி எந்த ஆணியில் என்று கையால் தொட்டுக் காட்டுங்கள். சீலிங்கில் பென்சில் வட்டம் போட்ட இடங்களையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். முதல் பெருமழை பெய்த மறுநாள் காலை நீங்களே அவரைத் தொலைபேசியில் அழைத்து, அந்த இடங்களில் கறை தெரிகிறதா என்று கேளுங்கள்.